டாக்டர் வண்டியின் கூரை

என் மனைவி லோகநாயகியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அந்தக் கூரைக்குக் கீழேதான். கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. பிறகு காட்டுகிறேன். அன்றைக்கும் இதே மாதிரி மழை. சோப்பு நுரை ஒட்டிய கையைத் தூக்கி, தலைக்கு மேலே கூரையில் ஒரு தட்டுத் தட்டி, "ஏங்க, டாக்டர் வந்துட்டாரா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த கேள்வி, தலை நரைத்த பிறகும் அதே கேள்வி, அதே சிரிப்பு. "வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு நான் பால் வாங்கப் போனேன். மழை விடட்டும் என்று பால் பூத்திலேயே நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது நிஜமாகவே டாக்டர் வந்திருந்தார். ஸ்கூட்டரில் வந்திருந்தார். டாக்டர் என்றால் காரில் வர வேண்டாமா?

அதை விடுங்கள் தம்பி. காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். நீங்கள் வந்தது காருக்காக. டி.வி. தொடருக்குப் பழைய பிரிட்டிஷ் கார் வேண்டும், டாக்டர் வந்து இறங்குகிற காட்சி என்று வாசலில் நின்று சொன்னீர்களே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம். உங்களை அனுப்பியவர்கள் சரியான வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் தாமதமாக அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சினிமாவில் மனுஷனுக்கு வேஷம் இருக்கிற மாதிரி காருக்கும் வேஷம் உண்டு. அந்தக் காலத்தில் கதாநாயகன் என்றால் ஹெரால்ட். வில்லன் என்றால் படகு மாதிரி நீளமாக ஓர் அமெரிக்க வண்டி. ஜமீன்தாருக்கு ஹம்பர். டாக்டருக்கு மாரிஸ் மைனர். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறவும் இல்லை. என்னிடம் இருந்தது மாரிஸ் மைனர். அதற்கு முகம் அப்படி. உருண்டையாக, சாதுவாக, கெட்ட செய்தியை மெதுவாகச் சொல்லப் போகிற முகம். சினிமா கம்பெனிகளுக்கு அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் வந்து நிற்கும். டாக்டர் பையோடு இறங்குவார். நாடியைப் பிடித்துப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். அடுத்த காட்சியில் பெரியவர் படமாகிச் சுவரில் மாலையோடு தொங்குவார். இதுதான் என் காரின் நடிப்பு.

தெருமுனை மளிகைக் கடையில்தான் அப்போது போன். கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, "ஏகாம்பரத்துக்கிட்ட சொல்லுங்க, நாளைக்குக் காலைல டாக்டர் வேணும்" என்பார்கள். கடைக்காரர் அங்கிருந்தே எட்டுத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். வடபழனியில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் டாக்டர் இருப்பதாக நம்பிவிட்டார்கள். ஓர் அம்மாள் வயிற்று வலிக்காரப் புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். லோகம் அவரை உட்கார வைத்து, பெருங்காயம் போட்டு மோர் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. "டாக்டரம்மாவுக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க எதுவும் போதும்.

எங்களுக்குக் கல்யாணமாகி முதலில் பார்த்த படத்தில் என் கார் இருந்தது. கார் வந்து நின்றதும் கதாநாயகியின் அப்பா செத்துப்போனார். இடைவேளையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே லோகம், "ஏங்க, நம்ம வண்டி வந்தாலே யாராவது சாகறாங்களே, ஒரு பாட்டுல வரக்கூடாதா?" என்றாள்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு தடவை போதாதா? பெண்டாட்டி வாய் திறந்து ஒன்று கேட்கிறாள். அன்றைக்கு முடிவு செய்தேன், என் வண்டி ஒரு டூயட்டில் வந்தே ஆக வேண்டும். லோகம் அதைத் தியேட்டரில் பார்க்க வேண்டும்.

மவுண்ட் ரோடில் இங்கிலீஷ் படங்களுக்கும் போக ஆரம்பித்தோம். கதை புரியாது. காருக்காகப் போவோம். அந்த ஊர்ப் படத்தில் இந்த வண்டி எப்படி வருகிறது என்று பார்த்தால் நாமும் ஏதாவது கற்றுக்கொள்ளலாம் இல்லையா? உளவாளி ஓட்டுகிற வெள்ளி நிறக் காருக்குள்ளிருந்து துப்பாக்கி நீளும். ஜாகுவாரில் கொள்ளைக்காரன் பறப்பான். அந்த ஜாகுவாரைப் பார்த்து ஒரு பாதிரியார் ஓரமாக ஒதுங்குவார், மாரிஸ் மைனரில். பிறந்த ஊரிலேயே அதற்கு அந்த மரியாதைதான். இப்போதும் டி.வி.யில் இங்கிலீஷ் துப்பறியும் தொடர் போடுகிறார்களே, கிராமத்தில் கொலை நடக்கும், பிணத்தைப் பார்க்க ஒருத்தர் வருவார். எந்த வண்டியில் வருகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? கவனியுங்கள்.

இங்கே தேவசகாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரம்பூர்க்காரன். அவனிடம் சிவப்பு ஹெரால்ட் இருந்தது. எல்லாப் பாட்டும் அவனுக்குத்தான். டைரக்டர் "கூரையைக் கழட்டு" என்றால் ஸ்பானரை எடுப்பான், நாலு போல்ட்டைத் திருகுவான், கூரையைத் தூக்கி மரத்தடியில் வைப்பான். வண்டி திறந்துவிடும். கேமரா எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். என் வண்டியில் போல்ட்டே கிடையாது, எல்லாம் ஒரே தகரம். அவன் என்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவான். நான் அவனோடு அதிகம் வைத்துக்கொள்வதில்லை. லோகம்தான் "அண்ணே, அண்ணே" என்று அவனுக்கு மீன் குழம்பு ஊற்றுவாள்.

ஒருநாள் புரொடக்‌ஷன் மேனேஜர் வரதராஜுலு, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பாட்டு எடுக்க ஹெரால்டைக் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். தேவசகாயம் காதைச் சொறிந்துகொண்டு, "கிளட்ச் போயிடுச்சு சார். நம்ம டாக்டர் வண்டிய எடுத்துக்குங்களேன்" என்றான்.

"என்னய்யா விளையாடறே? மூடின வண்டில எப்படிப் பாட்டு எடுக்கறது? கேமராமேன் கேமராவ எங்க வெப்பாரு, டிக்கியிலயா?"

"திறந்து கொண்டு வரேன் சார்" என்றேன் நான்.

"எதை?"

"வண்டியை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "திறந்திருந்தா எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தேவசகாயத்தின் ஹெரால்ட் பனகல் பார்க் பக்கம் ஜோராகப் போவதை என் கண்ணால் பார்த்தேன். கிளட்ச் போனதாம். கம்பெனியிடம் இப்படிப் பொய் சொல்கிறவனை என்ன சொல்வது? லோகத்திடம் சொன்னேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, ரொம்ப மோசமான ஆளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆக்ஸா பிளேடு வாங்கி வந்து, வீட்டு வாசலில் வைத்து என் மாரிஸ் மைனரின் கூரையை அறுத்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எல்லோரும் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஹெரால்டுக்கு ஸ்பானர், மாரிஸுக்கு ரம்பம். கருவிதான் வேறு.

பாதி அறுக்கும்போது தேவசகாயம் ஓடிவந்தான், யார் சொன்னார்களோ. "யோவ் ஏகாம்பரம், நிறுத்துய்யா. என் வண்டிக்குக் கீழ தனியா சட்டம் இருக்கு. கூரை சும்மா தொப்பி. உன் வண்டிக்குச் சட்டமே கிடையாது, கூரைதான் முதுகெலும்பு. அறுத்தா நடுவுல தொங்கிடும்."

"தொங்கினா என் வண்டிதானே தொங்குது?"

"தங்கச்சி, நீயாவது சொல்லும்மா."

லோகம் அந்தப் பக்கம் கூரை விழாமல் தலையில் ஒரு சும்மாட்டை வைத்துத் தாங்கிக்கொண்டு நின்றாள். "நான் என்ன அண்ணே சொல்றது? எனக்கு இங்கேருந்து வானம் தெரியுது" என்றாள்.

பொறாமை தம்பி. பாட்டு கையை விட்டுப் போகிறதே என்று அவனுக்குப் பொறாமை. எனக்குத் தெரியாதா?

கூரை தனியாக வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தோம். அறுத்த ஓரம் கையைக் கிழிக்கும் என்று லோகம் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஓரம் முழுக்கக் கட்டினாள், வண்டிக்கும் கட்டினாள், கூரைக்கும் கட்டினாள். "கூரைக்கு எதுக்கு?" என்றேன். "அதுவும் நம்மளுதுதானே" என்றாள்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அவளை உட்கார வைத்து ஆற்காடு ரோடில் ஒரு சுற்றுப் போனேன். சும்மா சோதனைக்கு. வெயில் இறங்கிவிட்டது. காற்றில் அவள் முந்தானை பின்னாலே பறந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் கையாட்டினார்கள், இவளும் ராணி மாதிரி கையாட்டினாள். கண்டக்டர் எங்களைப் பார்த்து இரண்டு விசில் கொடுத்தார், போகலாம் ரைட் என்று. லோகம் பாட ஆரம்பித்துவிட்டாள். அதற்கு முன்னால் அவள் பாடி நான் கேட்டதில்லை. "கொஞ்சம் சும்மா இரு, கீழே ஏதோ கிறீச்னு சத்தம் வருது, அதைக் கேட்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பாடினாள். அது சோதனை ஓட்டம், கணக்கில் சேராது. ஏன் சொல்கிறேன் என்றால், அப்போதே அந்தக் கிறீச் சத்தத்தைக் கவனித்துவிட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டு வாசலில் வந்து நின்றால் கதவு திறக்கவில்லை. இரண்டு பக்கமும் இறுகிவிட்டது. நான் மேலே ஏறிக் குதித்தேன். அவளை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. இறக்கிவிட்டதும், "இன்னொரு ரவுண்டு போலாங்க" என்றாள். "பெட்ரோல் என்ன தண்ணியா?" என்றேன்.

ராத்திரியே கதவு விளிம்பை அரத்தால் ராவி, சோப்பைத் தேய்த்து வைத்தேன். திறந்தது. ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வரதராஜுலு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நெஜமாவே திறந்துட்டியா?" என்றார். "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கதாநாயகன் பெயர் வேண்டாம். நல்ல உடம்பு. கதாநாயகி ஒல்லி. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. நடுவில் கயிற்றுக் கட்டில் மாதிரி லேசாகத் தொய்ந்தது. பாட்டுப் போட்டார்கள். என்ன காட்சி என்றால், கதாநாயகன் வண்டியை நிறுத்த வேண்டும், கதவைத் திறந்து இறங்க வேண்டும், சுற்றி வந்து அவளுக்குக் கதவைத் திறந்து கையை நீட்ட வேண்டும். வண்டி நின்றது. கதவு திறக்கவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது. அவர் சிரித்த முகம் மாறாமல் இழுக்கிறார். பாட்டில் "திறவாயோ" என்று ஒரு வரி வேறு. கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அதையே அவளிடம் ரோஜாப்பூ மாதிரி நீட்டினார். பெரிய நடிகர்தான், சந்தேகமே இல்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடினார்கள். கதாநாயகனை நாலு லைட்மேன்கள் சேர்ந்து வெளியே உருவினார்கள். கதாநாயகிக்குப் பட்டுப்புடவை, உள்ளே ஏதோ இருபது ஊசி குத்தியிருந்தார்களாம், தூக்கினால் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்று கத்துகிறாள். மை கன்னத்தில் வழிகிறது. டைரக்டர் என்னைத் தேடுகிறார். நான் வண்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கரைமேல் ஒரு வண்டி வந்தது. சிவப்பு ஹெரால்ட். அதன் கூரைக்கு மேலே இன்னொரு கூரை, கயிறு போட்டுக் கட்டி. என் மாரிஸின் கூரை. தொப்பிக்கு மேல் தொப்பி போட்ட மாதிரி ஆடி ஆடி வருகிறது. ஓட்டுகிறவன் தேவசகாயம். பக்கத்தில் லோகம்.

கிளட்ச் போன வண்டி எப்படி அவ்வளவு தூரம் வந்தது? அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

"காலைலயே மேகமா இருந்துச்சுங்க. அதான் அண்ணன்கிட்ட சொல்லி எடுத்துட்டு வந்தேன்" என்றாள் லோகம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூரையை வண்டி மேல் வைத்தார்கள். சும்மா வைத்தால் நிற்குமா? நாலு மூலைக்கும் நாலு பேர் தாங்கி நின்றோம். லோகம் சந்து வழியாக உள்ளே புகுந்து கதாநாயகியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு என்ன சொன்னாளோ, இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. நான் வெளியே நனைந்துகொண்டு கூரையைப் பிடித்திருக்கிறேன். எதிர் மூலையில் தேவசகாயம், அவனும் தெப்பலாக நனைந்து, "டாக்டர், பேஷண்ட் எப்படி இருக்காங்க?" என்கிறான்.

புளியமரத்தடியில் காமெடியன் கோதண்டபாணி இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எழுந்து வந்து டைரக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இந்த வண்டிய எனக்குக் குடுத்துடுங்க."

மழை விட்டது. தேவசகாயம் ஸ்பானரை எடுத்தான், நாலு போல்ட், ஹெரால்ட் திறந்தது, பாட்டை அதில் எடுத்து முடித்தார்கள். வந்த காரியத்தை முடித்துக்கொண்டான் பார்த்தீர்களா? என் பாட்டு. லோகமே அவனைக் கூட்டிக்கொண்டு வந்து கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகும்போது அவளிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். "நீ கேட்டதுக்காகத்தானே இவ்வளவும் செஞ்சேன்?"

"நான் கேட்டது பாட்டுங்க. அது அன்னிக்கே ஆற்காடு ரோட்ல ஆயிடுச்சே" என்றாள்.

அது சோதனை ஓட்டம் என்று விளக்கிச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

அப்புறம் அந்த வண்டி காமெடி வண்டியாகிவிட்டது. எந்தப் படம் என்றாலும் ஒரே வேலை. கோதண்டபாணி ஓட்டுவார், கூரை பறக்கும், இவர் பிரேக் போட்டு இறங்கிப் போய்க் கூரைக்குக் கும்பிடு போட்டுக் கூப்பிடுவார். ஒரு படத்தில் கூரை ஒரு கல்யாணப் பந்தலில் போய் விழுந்தது. ஒரு படத்தில் மாட்டு வண்டிக்காரன் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். தியேட்டரே அதிரும். எனக்கு அவமானம், தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். லோகம் சிரித்துப் புரையேறி முன் சீட்டுக்காரர் மேல் சோடாவைத் துப்பிவிட்டாள். அவர் திரும்பி முறைத்தார். இவள், "அது எங்க கூரைங்க" என்றாள். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். என் மனைவிக்கு.

காமெடியும் சலித்துப்போயிற்று. அடிப்பலகை துருப்பிடித்துக் கீழே ரோடு தெரிந்தது. கடைசியாக ஒரு படத்தில் வில்லனின் கார் மலையிலிருந்து உருள வேண்டும். நிஜமான அமெரிக்க வண்டியை யார் உருட்டுவார்கள்? தூரத்திலிருந்து எடுத்தால் எந்த வண்டி என்று தெரியாது. என் மாரிஸுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஏற்காட்டுப் பக்கம் கொண்டுபோய் உருட்டிவிட்டார்கள். வில்லன் திறந்த காரில் வருகிறான் என்று கதை, அதனால் கூரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டராக இருந்து, காமெடியனாகி, வில்லனாகச் செத்தது. எந்த நடிகனுக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கும் சொல்லுங்கள்? நான் பெருமையாக லோகத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி உருளும்போது தியேட்டரில் எல்லோரும் கைதட்டினார்கள், வில்லன் ஒழிந்தான் என்று. இவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். "வில்லன்தானே?" என்கிறேன். அழுகை நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் தேவசகாயம், அவன் கைக்குட்டையை நீட்டினான். அவனும் வந்திருந்தான், எங்கே போனாலும் வருவான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இங்கே வந்துவிடுகிறான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்காருவான். மீன் குழம்பு கொண்டு வருகிறான், அவன் மருமகள் வைத்தது, லோகம் சொல்லிக்கொடுத்த பக்குவமாம். சாப்பிடுகிறோம். எண்பது வயதுக்கு மேலாகிறது, அவ்வளவு தூரம் எதற்காக வருகிறானோ, நான் கேட்டதில்லை. ஹெரால்ட் இன்னும் ஓடுகிறது. கிளட்சை இதுவரை மாற்றவே இல்லையாம், அவனே சொன்னான். பார்த்தீர்களா, அன்றைக்குச் சொன்னது பொய் என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. உங்களுக்கு வேண்டுமானால் விலாசம் தருகிறேன். ஆனால் டாக்டரை ஹெரால்டில் இறக்காதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. பரவாயில்லை, வாருங்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தக் கூரையையாவது பார்க்காமல் போகக் கூடாது. வழுக்கும், பார்த்து வாருங்கள். தலையைக் குனிந்துகொள்ளுங்கள். இதுதான். நாலு கம்பத்தின் மேல் நிற்கிறது. ஓரத்தில் சுற்றியிருக்கிற சைக்கிள் டியூப் மட்டும் வெயிலில் வெடித்துவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். மற்றபடி ஒழுகுவதில்லை. இரண்டு பேர் நனையாமல் நிற்கலாம்.